மூன்றாம் மாடி ஏலச்சீட்டும் என் பாங்கிங் படிப்பும்

"…படிச்ச வரைக்கும் போதும், பேசின வரைக்கும் போதும். இனிமே வாயைத் திறந்தியோ, தொட்டுடுவேன்!"

சொன்னது என் மன்னி. அண்ணாவின் மனைவி. இடம், பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி வராந்தா. பிற்பகல் நாலு, நாலரை இருக்கும். மன்னி சீதா மாமி வீட்டு வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பவர் வெளியே வர வழியில்லை, வெளியே இருப்பவர் உள்ளே போக வழியில்லை. மாடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நாலு முழம் தள்ளி நின்றார்கள். கூட்டத்தில் ஒரே ஆண்பிள்ளை நான். காதில் பென்சில் வேறு.

'தொட்டுடுவேன்' என்பது ஒரு மிரட்டலா என்று இந்தக் காலத்து வாசகர்கள் கேட்பார்கள். அந்த நாளில் எங்கள் கட்டடத்தில் 'போலீஸைக் கூப்பிடுவேன்' என்பதைவிட அது பெரிய மிரட்டல். மாதத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பெண்கள் 'தூரம்'. மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அவர்கள் யாரையும் தொடக்கூடாது. தொட்டால், தொடப்பட்டவனும் குளிக்கிற வரைக்கும் தூரம்தான். சபையில் அவன் பேச்சு செல்லாது.

குளித்தால் போயிற்று என்பீர்கள். பம்பாய்க் குழாயில் காலை ஒன்பது மணியோடு தண்ணீர் நின்றுவிடும். அப்புறம் குளிக்க வேண்டுமானால் கீழே தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் "என்னடா, யாரைத் தொட்டே?" என்று விசாரிப்பார்கள்.

அன்றைக்கு மன்னிக்கு இரண்டாம் நாள். மூலையில் இருக்க வேண்டியவள் ஏன் அடுத்த வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? எல்லாம் நான் பி.காம். படித்த லட்சணத்தால்.

பணமாவது வருதா பார்ப்போம்

நான் காமர்ஸ் காலேஜில் சேர்ந்ததே ஒரு விபத்து. அண்ணா கோட்டைப் பக்கத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. என் மார்க்கைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "உனக்குச் சயன்ஸும் வரலை, சமஸ்கிருதமும் வரலை. பணமாவது வருதா பார்ப்போம்."

இப்படியாகப் பாங்கிங்கும் நாணயமும் என் விசேஷப் பாடமாயின. பாலக்காட்டிலிருந்து அப்பா எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "பணத்தைப் பற்றியே படிக்கிற பிள்ளை ஏன் மாதாமாதம் பணம் கேட்டு எழுதுகிறான்?"

யுத்த காலம். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மழை நாளில் அந்தக் காகிதம் ஊறிப் பசை நாற்றம் அடிக்கும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே மன்னிக்குக் கண் வலி வந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பணச் சந்தையைப் பற்றி நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மன்னி ஒரு நாள் முறத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: "அந்தச் சந்தையிலே அரிசி கிடைக்குமோ?"

எங்கள் புரொபஸர் வெள்ளை பாண்ட், கறுப்பு கோட்டு, கைக்குட்டையில் எப்போதும் சாக்பீஸ் தூள். ஒரு நாள் இங்கிலீஷில் சொன்னார்: "பணத்துக்கு முகம் கிடையாது, தேதி மட்டும்தான் உண்டு." இன்றைய ரூபாய் வேறு, அடுத்த வருஷத்து ரூபாய் வேறு, நடுவில் இருப்பது வட்டி. நான் அதைச் சிவப்பு மையால் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். இதைவிடப் பெரிய உண்மை உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

என் பக்கத்து இருக்கை சுடலைமுத்து. தாராவிக்காரன், திருநெல்வேலிப் பேச்சு. அவனிடம் நோட்டை நீட்டிக் காட்டினேன். "நல்லாத்தாம்ல இருக்கு" என்றான். "எங்க அய்யாவுக்குத் தோல் கிடங்குல வேலை. சேட்டு துட்டு எண்ணும்போது அய்யா வெளிய போய் நிக்கணும். நான் உள்ள நின்னு எண்ணணும்னுதாம் இந்தப் படிப்பு படிக்கேன். முகம் கிடையாதுன்னு இவரு சொல்லுதாரு. சேட்டு எங்க அய்யா முகத்தைப் பாத்துத்தான வெளிய போகச் சொல்லுதான்?"

அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

படித்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளும் குணம் எனக்கு இல்லை. கூட்டு வட்டி அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்டவர்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரானி டீக்கடைக்காரரிடம் அவர் முதலுக்கு என்ன வட்டி விழுகிறது என்று விளக்கினேன். "பைட்டோ, சாய் பியோ" என்று என்னை உட்காரவைத்து டீயை நகர்த்தினார். கட்டடத்தில் எனக்குப் பெயரே 'கூட்டு வட்டி மணி' என்று ஆயிற்று. பெருமையாக இருந்தது. பின்னால்தான் அது பெருமையல்ல என்று தெரிந்தது.

யாரும் சொல்லாத சட்டம்

மூன்றாம் மாடிப் பெண்கள் ஒரு ஏலச்சீட்டு நடத்தி வந்தார்கள். தலைவி சீதா மாமி. இருபது பேர், ஆளுக்குப் பத்து ரூபாய், மாதம் இருநூறு சேரும். முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆண்கள் ஆபீஸில் இருக்கும்போது வராந்தாவில் ஏலம். யார் அதிகக் கழிவு விட்டுக்கொடுக்கிறாளோ அவளுக்கு அந்த மாதப் பணம். கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை எடுத்தவளுக்கு அப்புறம் கழிவில் பங்கு கிடையாது.

ஊருலகத்தில் நடக்கிற சீட்டுதான். ஆனால் எங்கள் மாடியில் மட்டும் ஒரு விநோதம். ஏலம் எப்போதும் ஆறு ரூபாயில் முடியும். ஒருத்தி நாலு என்பாள், இன்னொருத்தி ஐந்து என்பாள், மூன்றாமவள் ஆறு என்பாள். சீதா மாமி மூன்று தரம் சொல்லிவிடுவாள். அப்புறம் காப்பி.

மன்னி ஒரு தடவை இதைச் சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். "மன்னி! இது சந்தையே இல்லை! பணம் இவ்வளவு மலிவா கிடைக்கறதுன்னா ஒருத்தருக்கும் வட்டிக் கணக்குத் தெரியலைன்னு அர்த்தம்!"

"இருக்கும்" என்றாள் மன்னி.

அவள் சொல்லாதது இதுதான். ஏலத்துக்கு முன்னால் வராந்தாவில் ஒரு ஜமுக்காளம் விரிப்பார்கள். எல்லாரிடமும் ஜமுக்காளம் உண்டு. ஆனால் எந்த மாதம் யாருக்குப் பணம் தேவையோ, அவள்தான் தன்னுடையதைக் கொண்டுவந்து விரிப்பாள். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். 'எனக்கு வேணும்' என்று அவளும் கேட்பதில்லை, 'எதுக்கு' என்று இவர்களும் கேட்பதில்லை. நாலு, ஐந்து என்பதெல்லாம் ஒப்புக்குக் கேட்பது. ஆறு என்று சொல்வது ஜமுக்காளக்காரி. வருஷக்கணக்காக அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, ஊரில் அடகு வைத்த வளை, புருஷன் வேலை போன மாதம், எல்லாமே ஒரு ஜமுக்காளத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகையால் எனக்குத் தெரியவில்லை.

நான் ஏலம் கேட்டது

அந்த வெள்ளிக்கிழமை மன்னி தூரமானதால் ஏலத்துக்குப் போக முடியாது. எனக்குக் காலேஜ் காலையோடு முடிந்துவிடும். "பத்து ரூபாயைச் சீதா மாமி கையிலே குடுத்துட்டு வந்துடு. ஒண்ணும் பேசாதே" என்று அனுப்பினாள்.

நான் அட்டவணையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தது. நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்டது, புதிது. அதன் ஓரத்தில் அலமு உட்கார்ந்திருந்தாள். நாலாவது வீட்டு மருமகள், கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் விச்சு வடாலாவில் ஒரு கிடங்கு ஆபீஸில் குமாஸ்தா, எனக்குச் சிநேகிதன்.

பணத்தைக் கொடுத்துவிட்டு நான் நகரவில்லை. "மாமி, மன்னி பேரிலே நான் ஏலம் கேட்கலாமோ?"

மாமி திகைத்தாள். "கேக்கப்படாதுன்னு… அப்படி ஒண்ணும் இல்லே. ஆனா ஏண்டா குழந்தே, ஒனக்கு எதுக்கு?"

ஏலம் ஆரம்பித்தது. நாலு. ஐந்து. அலமு மெதுவாக, "ஆறு" என்றாள்.

"எட்டு" என்றேன் நான்.

யாரோ ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள். இன்னொருத்தி, "மணி, காப்பி சாப்பிடறியா? உள்ளே வாயேன்" என்று எழுந்தாள். ஏலத்தின் நடுவில் காப்பி கொடுத்துப் போட்டியாளனைக் கலைக்கிறார்களாக்கும் என்று நினைத்து நான் உஷாரானேன்.

"பத்து" என்றாள் அலமு.

"பன்னிரண்டு."

அவள் ஜமுக்காளத்தின் ஓரத்து நூலைக் கட்டைவிரலால் இழுத்துக்கொண்டிருந்தாள். பதினாலு, பதினாறு என்று ஏறியது. என் அட்டவணைப்படி இருபத்திரண்டு வரைக்கும் லாபம். அவள் இருபது என்றாள். நான் இருபத்தொன்று என்றேன்.

சீதா மாமி "ஒரு தரம்" என்றாள். அலமுவின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து "ரெண்டு தரம்." அதைவிட நேரம் கழித்து, "மூணு தரம்."

நூற்று எழுபத்தொன்பது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டேன். அலமு இருபதில் நின்றதை அட்டவணையின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். வாங்குகிறவரின் கடைசி விலை என்று ஒரு பாடம் எங்களுக்கு உண்டு, அதை நேரிலேயே பார்த்துவிட்டதாகப் பூரிப்பு. அன்றைக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

அந்தக் கணக்கும் தப்பு என்பது தனிக்கதை. மறுவாரம் சுடலைமுத்து அட்டவணையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல மணி, இப்ப எடுத்துட்டா மிச்ச மாசத்துக் கழிவுல ஒனக்குப் பங்கு இல்லைல்லா? அதை எங்கல போட்டிருக்க?" என்று கேட்டான். போடவில்லை. போட்டிருந்தால் எட்டு ரூபாய்க்கு மேல் கேட்டிருக்கவே கூடாது. நான் அந்த வருஷம் பாங்கிங் பேப்பரில் தவறியது ஒருவருக்கும் ஆச்சரியமாக இல்லை.

காற்று வரும் என்று நினைத்தேன்

வீட்டுக்குள் நுழைந்ததும் பணத்தை விசிறிபோல விரித்துக் காட்டினேன். மன்னி மூலையில் பாயில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது?"

"சீட்டு! ஏலத்திலே எடுத்துட்டேன்!"

மன்னி பத்திரிகையை மடித்தாள். "யாரு ஜமுக்காளம் விரிச்சா?"

"அலமு. ஏன்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மணி, நான் ஒண்ணு கேக்கறேன். விச்சு ராத்திரி எங்கேடா படுத்துக்கறான்?"

"வராந்தாவிலே. என் பக்கத்திலே."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

"ஏன்?"

"காத்து வரும்னு…"

மன்னி தலையில் அடித்துக்கொண்டாள். "காத்து வரும்னு! அட என் பி.காமே! அந்த ஒரே ரூமிலே மாமனார், மாமியார், ரெண்டு மச்சினன், நடுவிலே அலமு. இவன் ரெண்டு வருஷமா ஒன் குறட்டையைக் கேட்டுண்டு வெளியிலே கிடக்கான். அது காத்துக்காகவா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் குறட்டையைப் பற்றி நான் அவனிடமே எத்தனை தடவை புகார் சொல்லியிருக்கிறேன்!

மன்னி விவரம் சொன்னாள். ஊருக்கு வெளியே டோம்பிவிலியில் அவர்கள் இருவருக்கும் ஓர் அறை அமைந்திருக்கிறது. நூற்று எண்பது ரூபாய் டிபாசிட். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். யுத்த காலத்தில் அறை கிடைப்பது வேலை கிடைப்பதைவிடக் கஷ்டம். அலமு இருபதோடு நின்றதற்குக் காரணம், இருநூறில் இருபது போனால் மிச்சம் நூற்று எண்பது. அதற்குக் கீழே அவளுக்குப் பிரயோஜனம் இல்லை. கடைசி விலைதான். நான் குறித்துக்கொண்டது சரிதான். ஏன் கடைசி என்று மட்டும் தெரியவில்லை.

"இப்பவே போய் இந்தப் பணத்தை அலமு கையிலே குடுத்துடறேன் மன்னி. ஒரு ரூபாய் நான் போட்டுத் தரேன்."

"கடனாவா? தனிக்குடித்தனம் போகக் கடன் வாங்கினாள்னு அவ மாமியார் மாடி மாடியாச் சொல்லுவா. சீட்டுப் பணம்னா அது அவளோட பணம். 'அதுலே எடுத்துண்டு போறதுன்னா போங்கோ'ன்னு அந்த அம்மா இப்பத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கா."

"அப்போ சீதா மாமிகிட்டே சொல்லி ஏலத்தையே மாத்திடலாம்."

"என்னன்னு சொல்லுவே? இருபது பேர் கேப்பா. அலமுவுக்கு ஏன் வேணும்னு வராந்தாவிலே நின்னு நீ விளக்கம் சொல்லுவியா? சொல்லேன் பார்ப்போம்."

சொல்ல முடியாது. நடுவராந்தாவில் நின்று எந்த வாயால் சொல்வது? அப்படிச் சொன்ன பிறகு அலமு அந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். வெளியே பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போனான்.

மன்னி எழுந்தாள். "பணத்தைக் கீழே வை."

"மன்னி, நீங்க தூரம்…"

"தெரியும். அதுதான் நல்லதாப் போச்சு. வை."

வைத்தேன். எடுத்தாள். எடுத்துக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போனாள். அந்த மூன்று நாளில் ஒரு பெண் அப்படிப் பட்டப்பகலில் எல்லார் வாசலையும் கடந்து நடந்ததை மூன்றாம் மாடி அதுவரை பார்த்ததில்லை. உலர்த்தியிருந்த புடவைகளை அவசர அவசரமாக இழுத்துக்கொண்டார்கள். நான் பின்னால் ஓடினேன்.

வாசற்படி

சீதா மாமி வாசற்படியில் பணத்தை வைத்து, தானும் உட்கார்ந்து மன்னி குரல் கொடுத்தாள்: "மாமி! இந்த ஏலம் செல்லாது!"

மாமி கையில் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தாள். "ஏண்டி? என்ன ஆச்சு?"

"நான் தூரம். தூரத்துக்காரி பேரிலே இவன் ஏலம் எடுத்திருக்கான். அந்தப் பணம் சீட்டுக்கு ஆகுமோ? இருபது குடும்பம். நாளைக்கு ஒரு குழந்தைக்குத் தலைவலின்னாக்கூட என்னைச் சொல்லப்படாது."

இப்படி ஒரு விதி எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. 'தெரியாது' என்று சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மாமி தயங்கினாள். "முடிஞ்சுபோனதை எப்படிடி…"

"எனக்கென்ன, நான் இங்கேயே இருக்கேன். மாமா ஆபீஸ்லேருந்து வரட்டும். என்னைத் தாண்டிண்டு உள்ளே போய்க் காப்பி சாப்பிடட்டும்."

மாமி மன்னியைப் பார்த்தாள். படியில் கிடந்த நோட்டுகளைப் பார்த்தாள். வராந்தாக் கோடியில், நாலாவது வீட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு அலமு நின்றாள். மடித்த ஜமுக்காளம் இன்னும் அவள் இடுப்பில் இருந்தது. அவளுக்குப் பின்னால் மாமியார். மாமியின் பார்வை அங்கே போய்விட்டுத் திரும்பியது.

"அட ராமா!" என்று மாமி நெற்றியில் கரண்டியாலேயே தட்டிக்கொண்டாள். "எனக்குத் தோணவே இல்லையே! செல்லாது, செல்லாது! எல்லாரும் வாங்கோடி, மறுபடியும் ஏலம்!"

எல்லாரும் வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. ஒருத்தி நாலு என்றாள். ஒருத்தி ஐந்து என்றாள். அவசரத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அலமுவின் குரல் முதலில் எழும்பவில்லை. மாமியார் பின்னாலிருந்து முழங்கையால் இடித்த பிறகு, "ஆறு" என்றாள்.

"ஒரு தரம்" என்றாள் மாமி, படிக்கு உள்ளேயிருந்து.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எந்த மனிதனும் இருந்திருப்பான். ஆனால் ஒரு ஏலத்தை ரத்து செய்து மறு ஏலம் விடுவதென்றால் முறைப்படி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று நாங்கள் படித்திருந்தோம். நான் இருமினேன்.

அப்போது மன்னி சொன்னதைத்தான் ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன்.

"ரெண்டு தரம்" என்றாள் மாமி. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஏலம் கேட்கிற உத்தேசம் துளியும் இல்லை. அலமுவுக்கே போக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். விஷயத்தைப் பதிவு செய்து வைத்தால் பின்னால் தகராறு வராதே என்ற நல்ல எண்ணத்தில் ஒரு விரலைத் தூக்கி, "மறு ஏலத்துக்கு முன்…" என்று ஆரம்பித்தேன்.

மன்னி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்தாள். சீதா மாமி மூணு தரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் விடவில்லை.